முல்லைக்குப் பந்தல் இடுவோம்

காரைக்குடிக்கு வடமேற்கே, நமது சிவகங்கை மாவட்டத்திலேயே, பிரான்மலை நிமிர்ந்து நிற்கிறது. வள்ளல் பாரி ஆண்ட பறம்புமலை இதுவே என்பது மரபு. பற்றிப் படரக் கொம்பின்றித் தளர்ந்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே ஈந்து சென்றவன் அவன் என்று புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் புகழ்கின்றன. அந்த மண்ணில் வாழும் நாம், ஒரு கொடிக்கு மூங்கில் கழியாவது கொடுக்கிறோமா?

இக்கேள்வியை என்னையே கேட்டுக்கொள்ளும் நிலை எனக்கு நேர்ந்தது. என் தாயார் வளர்த்த முல்லை எங்கள் முற்றத்தில் பல்லாண்டுகள் பூத்துக் குலுங்கியது. மழைக்காலச் சேற்றுக்கு அஞ்சி, முற்றம் முழுவதையும் நான் சிமெண்டுத் தளமாக்கினேன். கொடியின் அடியில் ஒரு சாண் மண் மட்டுமே எஞ்சியது. அடுத்த கோடையில் கொடி கருகிவிட்டது. தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வாயில்லாத ஜீவன் தம்பி, நாமல்லவா அதற்குப் பார்த்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்கள்.

திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் 141ஆம் வசனத்தை அதன்பின் ஓதும்போதெல்லாம் மனம் நின்றுவிடும். பந்தலில் படர்பவையும் படராதவையுமான தோட்டங்களைப் படைத்தவன் தானே என்று கூறும் இறைவன், விளைச்சலில் உரிய பங்கை வழங்குமாறும், வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் அதே வசனத்தில் பணிக்கிறான். முல்லை வளர்ப்போருக்கும் இதில் பாடம் உண்டு.

முதலில் பந்தல். நல்ல வெயில் படும் இடத்தில் ஓரடி ஆழ, அகலக் குழி எடுத்து, மக்கிய தொழுவுரமும் மண்ணும் கலந்து நிரப்புங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை நடுவதற்கு ஏற்ற காலம். தளிர் நீளத் தொடங்குமுன்பே கொம்பு நட்டுவிட வேண்டும். வணிகத் தோட்டங்களில் ஜனவரி இறுதியில் தரைக்கு மேல் 45 செ.மீ. விட்டு வெட்டிவிடுவார்கள். வீட்டுப் பந்தலில் காய்ந்த கிளைகளையும் நெருக்கமானவற்றையும் நீக்கி, நுனிகளைக் குறைத்தாலே போதும். புதுத் தளிரில்தான் பூ மிகும். இலையில் வெண்மையான ரோமம் போலப் படர்ந்தால் அது சிலந்திப்பேன். அக்கிளைகளை உடனே வெட்டி எரித்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். நமது வறண்ட பூமியில் கொடிக்கு ஏது நீர் என்பீர்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டரில், ஒளுச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டு வாளிக்கணக்கில் சாக்கடைக்கு அனுப்புகிறோம். சிக்கனமாக ஒளுச் செய்து, அந்நீரையும் ஒரு பாத்திரத்தில் ஏந்திக் கொடிக்கு ஊற்றுங்கள். சோப்பு நீர் வேண்டாம். மேல்மண் காய்ந்த பின்னரே ஊற்ற வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

மூன்றாவது பங்கு. நறுமண மலரை ஒருவர் தந்தால் மறுக்க வேண்டாம், அது சுமக்க இலேசானது, மணம் இனியது என்ற கருத்தில் நபிமொழி ஒன்று முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. மறுக்கக் கூடாததைக் கொடுப்பதற்கு நாம் தயங்கலாமா? மாலையில் தொடுத்த சரத்தில் ஒரு முழம் அண்டை வீட்டுக்கும் போகட்டும். மழைக்காலத்தில் தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, கணுவை மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துப் பதியன் இடுங்கள். வேர் பிடித்ததும் வெட்டி எடுத்துப் பிறருக்குக் கொடுங்கள்.

என் தாயாரும் அப்படி ஒரு பதியனை அடுத்த தெருவில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மறைந்த பிறகு அவ்வீட்டினரே அக்கொடியிலிருந்து ஒரு பதியனை எங்களுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். தளத்தை நான்கடி அகலத்திற்கு உடைத்து அதை நட்டேன். நான் காக்கத் தவறியதை, அவர்கள் கொடுத்தது காத்துவிட்டது.

கொடுப்பதில் குறைவில்லை என்பதை உணரும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.