மேற்கத்திய இடையூறு

செய்தி அறிக்கையின் இறுதியில் வானிலை பற்றி இரண்டொரு வாக்கியங்கள் வாசிக்கப்படுவதை நேயர்கள் அறிவர். ஐப்பசி பிறந்ததும், வட இந்தியாவுக்கான முன்னறிவிப்பில் 'மேற்கத்திய இடையூறு' என்ற சொற்றொடர் அடிக்கடி இடம்பெறத் தொடங்கும். ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். இச்சொற்றொடரை எழுதும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இது யாருக்கு இடையூறு?

விடை காண, முதலில் அது வரும் வழியை அறிதல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதியில் டில்லியை விட்டு விலகிவிடுகிறது. தரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்தோடும் காற்றோட்டம் ஒன்று உண்டு. கோடையில் திபெத்துக்கு வடக்கே இருக்கும் அவ்வோட்டம், அக்டோபரில் இமயத்துக்குத் தெற்கே இறங்கி வருகிறது. மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றும் தாழ்வழுத்தங்கள் அதன் போக்கில் மிதந்து, ஈராக், ஈரான், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து நம்மை அடைகின்றன. இவையே மேற்கத்திய இடையூறுகள். குளிர்காலத்தில் இவை மாதந்தோறும் நான்கு முதல் ஏழு வரை வருவதுண்டு.

இத்தகைய தாழ்வழுத்தங்களின் அமைப்பை 1919ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஜேக்கப் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் விளக்கினார். முதல் உலகப் போர் ஓய்ந்திருந்த சமயம் அது. இரு சேனைகள் எதிர்நிற்கும் போர்முனைக்கு வழங்கிய பெயரையே, குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லைக்கும் அக்குழுவினர் இட்டனர். நாம் அதனைக் 'குளிர் வளிமுகம்' என்கிறோம். ஐரோப்பாவில் குளிர் வளிமுகம் கடந்தால் ஓரிரு மணி நேரத்திலேயே காற்றின் திசையும் உஷ்ணநிலையும் மாறிவிடும். நெடுந்தொலைவு கடந்து இந்தியாவை அடையும்போதோ, அவ்வெல்லை தரைமட்டத்தில் பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது. ஆகவே இங்கு மாறுதல் ஓரிரு நாட்களில் படிப்படியாக நிகழ்கிறது.

டில்லியில் வாழ்வோர் அம்மாறுதலைத் தம் உடலாலேயே உணரலாம். இடையூறு நெருங்கும்போது, குளிர் கூடுவதற்கு மாறாக இரவு சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். காற்று கிழக்கிலிருந்து ஈரத்துடன் வீசும். மேகங்கள் போர்வைபோல் தரையின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். கம்பளியைப் பெட்டியிலேயே விட்டுவைக்கலாம் என்று எண்ணத் தோன்றும். பிறகு சிறு தூறல், மலைகளில் பனிப்பொழிவு. இடையூறு கிழக்கே அகன்றதும் வானம் தெளிகிறது. பனி மூடிய மலைகளைத் தொட்ட காற்று வடமேற்கிலிருந்து இறங்குகிறது. உஷ்ணநிலை சில டிகிரிகள் சரிகிறது. ஈரம் தங்கிய நிலத்தின்மேல் காற்றும் அடங்கிவிடுமானால், அடுத்து வரும் விடியற்காலைகளில் மூடுபனி கவியும். அக்டோபரின் இதமான குளிரை டில்லி மக்கள் 'குலாபி ஜாடா', அதாவது ரோஜா நிறக் குளிர், என்பர். அந்த இதத்துக்கு முடிவு கட்டுவது பெரும்பாலும் இவ்வாறு வரும் ஓர் இடையூறேயாகும்.

உழவர்களுக்கோ இது இடையூறு அன்று. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை விதைப்பு அக்டோபர் இறுதியிலிருந்து நடைபெறுகிறது. முளைத்த பயிருக்குக் குளிர்கால மழை ஒரு பாசனத்துக்கு ஈடாகும். மலையில் விழும் பனி, கோடையில் உருகி ஆறுகளில் நீராக வருகிறது. 2024 ஜனவரியில் வலிமை வாய்ந்த இடையூறுகள் வாராமையால், காஷ்மீரத்தின் குல்மர்க் மலைச்சரிவுகள் மாதக் கடைசி வரை பனியின்றி வறண்டு கிடந்தன. தலைநகரின் புகைக்கும் இதுவே மருந்தாவதுண்டு. 2023 நவம்பரில் பல நாட்கள் டில்லியை மூடியிருந்த நச்சுப்புகை, 10ஆம் தேதி பெய்த மழையால் ஓரளவு விலகியது.

ஆனால் காலம் தவறினாலும் அளவு மிஞ்சினாலும் அதே இடையூறு பெருங்கேடு விளைவிக்கிறது. 2019 நவம்பர் 7ஆம் தேதி காஷ்மீரத்தில் பருவத்துக்கு முன்னரே கடும்பனி பொழிந்தது. ஆப்பிள் மரங்கள் அப்போது இலைகளை உதிர்த்திருக்கவில்லை. இலைகளின்மேல் தங்கிய பனியின் பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்தன. ஒரு மரம் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணினால், அந்த ஓர் இரவின் இழப்பு எத்தகையது என்பது விளங்கும். 2021 அக்டோபரிலோ, ஒரு மேற்கத்திய இடையூறும் வங்கக் கடலிலிருந்து ஈரம் கொணர்ந்த தாழ்வழுத்தமும் உத்தராகண்டத்தில் ஒன்று சேர்ந்தன. முக்தேசுவரில் 24 மணி நேரத்தில் 340 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 1897 முதல் பதிவுகள் உள்ள அந்நிலையம் அதுவரை கண்டிராத மழை அது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே, இச்செய்தி வரும்போது காது கொடுத்துக் கேட்டல் நலம். எச்சரிக்கை மஞ்சள் நிறமாயின் விழிப்பாயிருத்தல் வேண்டும்; ஆரஞ்சு நிறமாயின் ஆயத்தமாதல் வேண்டும்; சிவப்பாயின் உடனே செயலில் இறங்க வேண்டும். சமவெளியில் இரவின் குறைந்தபட்ச உஷ்ணநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழாக இறங்கி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் குறைந்திருந்தால், அதனை வானிலை இலாகா 'குளிரலை' என்று அறிவிக்கிறது. அறுத்த நெல் களத்தில் கிடக்குமாயின் மழைக்கு முன்பே அதனை மூடி வைக்கலாம். மலைப்பயணத்தை இரண்டு நாட்கள் தள்ளிப் போடலாம். குளிருக்கு அஞ்சி, மூடிய அறையில் கரி அடுப்பை மூட்டிவைத்து உறங்குதல் மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. உறங்குவோர் விழிக்காமலே மாண்டுபோன துயரம் வடநாட்டில் குளிர்காலந்தோறும் கேட்கப்படுகிறது.

எனது ஐயத்துக்கு வருகிறேன். இடையூறு என்ற சொல்லை நான் மாற்றவில்லை. அது அறிவியலார் இட்ட பெயர். ஆயினும் அதனை எழுதும்போது, மழைக்கு முகம் மலரும் கோதுமை உழவரும், நடைபாதையில் கந்தலைப் போர்த்துப் படுத்திருக்கும் கூலித் தொழிலாளியும் ஒருங்கே என் நினைவில் வருகின்றனர். வானம் தெளிந்த மறுநாள் இரவு, பெட்டியிலிருந்து கம்பளியை எடுக்கும் நேயர்கள், மிகுதியாக ஒன்று இருக்குமாயின் அதனை அந்தத் தொழிலாளிக்கு அளிப்பார்களாக.