விழாவுக்கு இருவராய்ச் சென்றவர்கள்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பஸ்களில் நிற்பதற்கும் இடமிராது. கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என ஒவ்வொரு தரிப்பிடத்திலும் குடும்பங்கள் ஏறிக்கொண்டேயிருக்கும். அத்தனை பேரும் வசந்தகால விழாவைக் காணச் செல்கிறவர்கள். மலையகத்தார் அதனைச் சுருக்கமாக 'சீசன்' என்பர். குதிரைப் பந்தயம், மோட்டார் ஓட்டப் போட்டி, கிறகரி வாவியில் படகுச் சவாரி, விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, வீதியோரமெங்கும் கம்பளிச் சட்டைக் கடைகள், வேகவைத்த சோளக்கதிரின் வாசனை என அச்சிறிய நகரம் அம்மாதத்தில் அடையாளமே தெரியாதபடி மாறிவிடும்.

இவ்விழா தோட்ட மக்களுக்காக ஏற்பட்டதன்று. கொழும்பின் சித்திரை வெயிலைத் தாங்கமாட்டாத ஆங்கில அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்திலுள்ள இக்குளிர்ந்த ஊருக்கு ஏறிவந்து தங்களுக்கென ஏற்படுத்திக்கொண்ட உல்லாசம் இது. ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலத்தில் 1873இல் வாவி அமைந்தது. 1875இல் குதிரைப் பந்தயம் தொடங்கியது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை நினைவுகூரும் பூங்கா 1897இல் உருவாயிற்று. இவற்றுக்கெல்லாம் பணம் தந்த மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்கள், விழாக் காலத்தில் துரைமாரின் பெட்டிகளைச் சுமக்கும் இடத்திலேயே இருந்தனர். இன்று நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் உள்ளே செல்லலாம். இது சிறிய மாற்றமன்று.

எனினும் அன்பர்களே, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைச் சற்று உற்று நோக்குங்கள். தகப்பன்மார் இறங்குகிறார்கள். கொழும்பில் கடைவேலை செய்து புத்தாண்டுக்கு ஊர் திரும்பிய இளைஞர்கள் இறங்குகிறார்கள். பிள்ளைகள் இறங்குகிறார்கள். அப்பிள்ளைகளின் தாய் எங்கே?

மழை பெய்து கொழுந்து பொங்கும் காலம் அது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலானோர் பெண்கள். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போயிற்று. போயும் விதித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர்தான். ஒரு நாட்சம்பளம் 1,000 ரூபாவானதே 2021இல்தான். வீட்டுக்கு விருந்தினர் வந்திருப்பார்கள். பலகாரம் சுட்டாக வேண்டும், துணி துவைத்தாக வேண்டும். நான்கு பேருக்குப் பஸ் கட்டணம், பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி, ஆளுக்கொரு குளிர்பானம் என்று அவள் மனத்துக்குள் கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கில் முதலில் வெட்டப்படுவது அவளுடைய பெயரே. "நீங்க புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க, நான் அடுத்த வருசம் வாறேன்" என்பாள். ஐம்பது கிலோமீற்றருக்கும் உட்பட்ட தூரத்தில் நடக்கும் விழாவை வாழ்நாளில் ஒருமுறையேனும் காணாமல் பேரப்பிள்ளைகளை எடுத்துவிட்ட தாய்மார் லயங்களில் இருக்கிறார்கள்.

வருடந்தோறும் பெருவிழாவுக்குப் பயணம் சென்ற தம்பதியர் இருவரை லூக்கா தமது சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நமக்குக் காட்டுகிறார். யோசேப்பு தச்சர். குழந்தையைத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்த நாளில் ஆட்டுக்குட்டி வாங்க வசதியின்றி, ஏழைகளுக்கென விதிக்கப்பட்டிருந்த பறவைக் காணிக்கையையே கொடுத்தவர்கள் அவர்கள். நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான வழி. கால்நடையாகச் சென்றுவரப் பல நாள்கள் ஆகும். அத்தனை நாளும் பட்டறையில் வருமானம் இராது. மேலும், ஆண்டுக்கு மூன்று முறை ஆண்மக்கள் வரவேண்டும் என்பதே நியாயப்பிரமாணத்தின் கட்டளை. மரியாள் வீட்டிலிருந்தாலும் அவளை எவரும் குறைகூறியிருக்க முடியாது. ஆயினும் லூக்கா 'தகப்பன்' என்று எழுதாமல் பெற்றோர் இருவரும் வருஷந்தோறும் போனார்கள் என்றே எழுதுகிறார். அந்தச் செலவுக் கணக்கில் மரியாளின் பெயர் வெட்டப்படவில்லை.

பன்னிரண்டு வயது மைந்தன் காணாமற்போனது அப்படியொரு பயணத்தில்தான். உறவினரும் ஊராரும் கூட்டமாகத் திரும்புகையில், பிள்ளை எவரோடாவது வருவான் என்று எண்ணி ஒருநாள் வழியைக் கடந்துவிட்டனர். சீசன் கூட்டத்தில் இது நமக்குப் புதிதா? சித்தியோடு நிற்பான் என்று தாயும், மாமாவோடு இருப்பான் என்று தகப்பனும் நினைத்திருக்க, ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரும் சட்டையின் நிறமும் கேட்கும்போதுதான் இருவருக்கும் உயிர் போய் உயிர் வரும். மூன்று நாளின் பின் மகனைக் கண்டடைந்த மரியாள், "உன் தகப்பன் கவனிக்கவில்லை" என்று யோசேப்பின்மீது பழி போடவில்லை. தகப்பனும் தானும் துயரத்தோடே தேடியதாகவே சொல்லுகிறாள். சேர்ந்து சென்றவர்கள் சேர்ந்தே தேடினார்கள்.

அறுவடை முடிந்தபின் ஏழு நாள் கொண்டாடும் பண்டிகையைப் பற்றி உபாகமம் பதினாறாம் அதிகாரம் கூறுகையில், அதில் மகிழவேண்டியவர்களை ஒவ்வொருவராக எண்ணிச் சொல்கிறது. மகனும் மகளும், வேலைக்காரனும் வேலைக்காரியும், லேவியனும் பரதேசியும், திக்கற்ற பிள்ளையும் விதவையும் அதில் உண்டு. களத்திலும் ஆலையிலும் உழைத்தவர் எவரும் வெளியே நிறுத்தப்படலாகாது. வியப்பு என்னவென்றால், அவ்வரிசையில் மனைவி தனியே குறிப்பிடப்படவில்லை. மறந்துபோனதாலன்று, 'நீ' என்று கணவனை விளிக்கும் சொல்லிலேயே அவளும் அடங்கிவிட்டாள் என்று வேத விளக்கவுரையாளர் சிலர் கூறுவர். அவ்விளக்கத்தின்படி, மனைவியை லயத்தில் விட்டுவிட்டு வருகிறவன் பாதி ஆளாகவே வந்திருக்கிறான்.

தோட்டக் கணவன்மாரைக் குறைகூற நான் இதனை எழுதவில்லை. கவ்வாத்து வெட்டியும் மருந்து தெளித்தும் ஓய்ந்துபோன மனிதனுக்கும் ஒருநாள் இன்பம் வேண்டியதே. ஆயினும் சில காரியங்களை அவர் முன்கூட்டியே செய்யலாம். மார்ச் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்துவைக்கலாம். புத்தாண்டு நெரிசலைத் தவிர்த்து, மலர்க் கண்காட்சி நடைபெறும் மாதக் கடைசியில் வேலையில்லாத ஒரு ஞாயிறைத் தெரிவுசெய்யலாம். காலை ஆராதனை முடிந்ததும் பயணம் புறப்படலாம். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டால் கடைச்செலவு மிச்சம். அந்த ரொட்டியை அன்று அவரே தட்டினாலும் பாவமில்லை! சபைகளின் மாதர் சங்கத்தார் ஒரு வேனை ஒழுங்குசெய்தால் வயது முதிர்ந்த தாய்மாரும் வருவார்கள்.

அங்கே அவளுக்குக் குதிரைகள் பிடிக்குமோ, படகு பிடிக்குமோ நான் அறியேன். ஆனால் லயத்து வாசலில் பழைய தகரப் பேணிகளில் டேலியா வளர்ப்பவள் அவள். பூங்காவில் பரிசுச் சீட்டு கட்டிய டேலியாவின் முன் நெடுநேரம் நிற்பாள். தன் வாசலில் பூப்பது இதைவிடப் பெரிது என்று கணவனிடம் சொல்லுவாள்.