நாட்டுப்புறத்தில் ஒரு வாடகை வீடு – 7: கூரைக்குள் ஒரு வயல்

காட்ஸ்வோல்ட் குன்றுகளின் சுண்ணாம்புக்கல் வீடுகளும் பைபரி கிராமத்து ஆர்லிங்டன் ரோவும் சென்ற வாரத்தோடு முடிந்தன. தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு அவை நினைவிருக்கும். இந்த வாரம் வீட்டுக்குள் போய்ச் சமையலறையையும் கணப்பையும் பார்ப்பதாக ஏற்பாடு. ஆனால் வாசற்படி ஏறுவதற்கு முன் கூரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

விடுமுறைக்கு ஒரு வாரம் தங்குவதற்கு வீடு தேடுகிறவர் விளம்பரப் படங்களில் எதைப் பார்க்கிறார்? ரோஜாக்கொடி படர்ந்த வாசலையும், கணப்புக்கு எதிரே போட்டிருக்கும் சாய்வு நாற்காலியையும், கட்டிலின் மேல் மடித்து வைத்திருக்கும் கம்பளியையும் பார்க்கிறார். எல்லாம் நல்ல பொருள்களே. ஆனால் கையில் பணமிருந்தால் எந்த வீட்டுக்கும் ஒரே நாளில் வாங்கிப் போட்டுவிடக் கூடியவை. கூரையை அப்படி வாங்க முடியாது. டெவன், டார்செட், ஸாமர்செட் ஆகிய தென்மேற்கு ஜில்லாக்களில் ஒரு பழைய குடியானவன் வீட்டை எடுத்துத் தங்குகிறவர் எந்தக் கதகதப்பை நாடிப் போகிறாரோ, எந்த நிசப்தத்தை விரும்பிப் போகிறாரோ, அவ்விரண்டையும் அவருக்கு அளிப்பதில் பெரும்பங்கு, தலைக்கு மேல் ஓரடிக்குக் குறையாத கனத்தில் கிடக்கும் வைக்கோலுக்கே உரியதாதலால், வீட்டைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தைக் கூரையிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் ஏறக்குறைய 60,000 கட்டிடங்கள் இன்றும் இத்தகைய கூரையைத் தாங்கி நிற்கின்றன. வேய்வதற்குப் பயன்படும் பொருள் மூன்று வகை. நார்ஃபோக் ஜில்லாவின் சதுப்பு நிலங்களில் வளரும் நாணல் ஒன்று. கதிரடித்த நீண்ட கோதுமை வைக்கோல் ஒன்று. அதே கோதுமைத் தாளைக் கசங்காமலும் முறியாமலும் யந்திரத்தில் கோதி, அடித்தண்டுகளெல்லாம் ஒரே பக்கம் நோக்கும்படி கட்டுகளாக்கியது மற்றொன்று. டெவன் ஜில்லாவின் பூர்வீகப் பழக்கம் இந்தக் கோதிய தாள்தான். நாணல் சுமார் 50 ஆண்டு தாங்கும். கோதிய தாள் சுமார் 30. நீண்ட வைக்கோல் சுமார் 20. காற்றும் மழையும் வேய்ந்தவரின் கைத்திறனும் இந்தக் கணக்கை முன்பின்னாக மாற்றக்கூடும். முகடு மட்டும் எந்தக் கூரையிலும் 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டியது.

ஆயுளை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நாணலே சிரேஷ்டம். ஆயினும் வைக்கோல் கூரைக்கு, நாணலுக்குப் பெரும்பாலும் வாய்க்காத ஒரு பாக்கியம் உண்டு. நாணல் வேயும்போது பழையதைக் கைமரம் வரையில் பிரித்தெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது வழக்கம். வைக்கோலை அப்படிப் பிரிப்பதில்லை. மழையில் மக்கிப்போன மேற்பரப்பை மட்டும் வழித்து நீக்கிவிட்டு, உள்ளே உறுதியாக இருக்கும் பழைய வைக்கோலிலேயே, பிளந்து முறுக்கிய ஹேஸல் மரக் குச்சிகளைக் குத்தி இறக்கிப் புதிய படலத்தைப் பொருத்திவிடுகிறார்கள். 30 ஆண்டு கழித்து அதன் மேல் இன்னொரு படலம். தகப்பன் வேய்ந்ததன் மேல் மகன் வேய்ந்தது, அதன் மேல் பேரன் வேய்ந்தது. இவ்வாறு மேலே மேலே ஏறிக்கொண்டு போவதில், அடியில் கைமரத்தோடு கட்டுண்டிருக்கும் முதற்படலத்தை யாரும் தொடுவதே இல்லை. வீடு கட்டியது 15-ஆம் நூற்றாண்டு என்றால், பல வீடுகளில் அந்த அடி வைக்கோலும் 15-ஆம் நூற்றாண்டு வைக்கோலே.

இந்த வாரம் முழுவதும் என் மனத்தை ஆட்கொண்டிருக்கும் விஷயம் இதுதான். அந்த வைக்கோல் எவ்வாறு கெடாமல் நிலைத்தது என்பதைக் கேட்டால் ஆச்சரியம் இன்னும் பெருகும். அக்காலத்துக் குடியானவன் வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. நடுக்கூடத்தில், தரையின் மேலேயே, விறகு எரியும்; கூடத்துக்கு மாடியும் கிடையாதாதலால் புகை நேரே மேலெழுந்து, கைமரங்களைச் சுற்றிச் சூழ்ந்து, வைக்கோலின் இடுக்குகள் வழியாக மெல்ல வெளியேறும். தலைமுறை தலைமுறையாக இப்படிப் புகைந்ததில் அடிப்படலம் முழுவதும் கன்னங்கரேலென்று கரிபடிந்து போயிற்று. கரி படிந்த இடத்தில் பூச்சியும் பூஞ்சையும் அண்டவில்லை. பிறகு 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் செங்கல்லாலும் கல்லாலும் புகைபோக்கி கட்டி, கூடத்தின் குறுக்கே மாடித்தளமும் போட்டார்கள். அன்று இருட்டில் அடைபட்ட கூரையடி, பல வீடுகளில் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஜான் லெட்ஸ் என்ற தாவரத் தொல்லியல் ஆராய்ச்சியாளர், தென் இங்கிலாந்தின் பழைய வீடுகளில், விசேஷமாக டெவன் வீடுகளில், இவ்வைக்கோலைச் சேகரித்து, நிதானமாக ஆராய்ந்து, 1999-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கையில் அகப்பட்டது வெறுந்தாள் அன்று. கதிர் இருந்தது, கதிரில் தானியம் இருந்தது, உமி இருந்தது, கோதுமையோடு சேர்ந்து அதே வயலில் முளைத்து அதே அரிவாளுக்கு இரையான களைச்செடிகளும் இருந்தன. மண்ணைத் தோண்டுகிற ஆராய்ச்சியாளருக்குப் பழங்காலத் தானியம் பெரும்பாலும் கருகிய மணிகளாகவே கிடைக்கும். தாளும் கதிருமாக முழுப்பயிர் கிடைப்பது மிக மிக அபூர்வம். இங்கேயோ முழுப்பயிரே கூரைக்குள் காத்திருந்தது. கோதுமையும் இருந்தது, ரை என்ற தானியமும் இருந்தது. ஒரே கட்டில் ஒரு தாள் நெடியது, ஒரு தாள் குட்டை. ஒரு கதிருக்கு மீசை உண்டு, மறு கதிருக்கு இல்லை. ஒரே ரகமாகத் தேர்ந்தெடுத்த விதையை விதைக்கும் இக்காலத்து வயலில் இவ்வேற்றுமைகளைக் காண முடியாது. களைகளின் இனத்தைக் கொண்டு அந்த வயலின் மண் ஈரமா வறட்சியா, வளமா வளமற்றதா என்பதைக்கூட ஊகிக்கிறார்கள். தன் பெயரை எந்த ஏட்டிலும் எழுதி வைக்காத ஒரு குடியானவன் ஆறு நூற்றாண்டுக்கு முன் ஒரு கோடையில் அறுத்த விளைச்சலின் கீழே, இன்று ஒருவர் ஒரு வார வாடகை கொடுத்துப் படுத்து உறங்குகிறார் என்பதை நினைக்கும்போது என் உள்ளம் சிலிர்க்கிறது.

அந்த ஆராய்ச்சியின் பயனாக லெட்ஸ் பிற்காலத்தில் பழைய கோதுமை ரகங்களைத் தாமே பயிரிட்டு மாவாக்கவும் முற்பட்டார். கூரையில் கிடைத்த மணிகளை முளைக்க வைத்து அல்ல. அவற்றின் உயிர் எப்பொழுதோ போய்விட்டது. விதைக் களஞ்சியங்களில் காப்பாற்றப்பட்ட பழைய விதைகளைக் கொண்டே அதைச் செய்தார்.

டெவனில் ஒரு வீட்டில், உடையவரின் சம்மதத்தோடு, மாடி நடையின் மேற்புறத்தில் இருந்த சிறு கதவைத் தள்ளி, டார்ச் விளக்கை உள்ளே நீட்டிப் பார்த்திருக்கிறேன். கைமரங்கள் செதுக்கப்படாத கிளைகள்; வளைவும் முண்டும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் கரி, மெருகிட்டது போலப் பளபளத்தது. வைக்கோலை முறுக்கித் திரித்த கயிற்றால் வைக்கோலையே மரத்தோடு பிணைத்திருந்தார்கள். அந்தக் கட்டிலிருந்து ஒரு கதிர், மீசை ஒன்றுகூட உதிராமல், வெளிச்சத்தை நோக்கி நீண்டிருந்தது. உடையவர் தொடக்கூடாதென்று முன்னமே சொல்லியிருந்தார். கைமரத்தின் மேல் பட்ட விரலில் மட்டும் ஒட்டிய கரி, சோப்புப் போட்டுத் தேய்த்தும் அன்று முழுவதும் நகக்கண்ணில் நின்றது. அரசாங்கம் பாதுகாக்கும் கட்டிடங்களின் பட்டியலில் அந்த வீடு சேர்ந்திருப்பதால் அனுமதி பெறாமல் அந்தப் படலத்தை அகற்ற இயலாது என்றும் அவர் சொன்னார். நீண்ட ஆயுளை விரும்பி, அடிவரை பிரித்து நாணலுக்கு மாறிய வீடுகளில், இத்தகைய எத்தனை வயல்கள் குப்பையோடு எரிந்தனவோ!

இன்றைய வேய்வோருக்கு வைக்கோல் எளிதில் கிடைப்பதில்லை. புதிய கோதுமை ரகங்கள் குட்டையானவை. அறுவடை யந்திரம் தாளை நசுக்கித் துண்டாக்கிவிடும். ரசாயன உரம் மிகுந்தால் தாள் வலுவிழக்கும். ஆகையால் 1964-இல் வெளிவந்த மாரிஸ் விட்ஜன் முதலிய நெடுந்தாள் ரகங்களைக் கூரைக்கென்றே சில விவசாயிகள் பயிரிட்டு, பழைய பைண்டர் யந்திரத்தால் அறுத்து, கட்டுகளை வயலிலேயே ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி உலர்த்துகிறார்கள்.

கூரையின் கீழுள்ள சுவரையும் சொல்லிவிட வேண்டும். டெவனில் அது பெரும்பாலும் வைக்கோல் கலந்து மிதித்த மண்சுவர். இரண்டடிக்கு மேல் கனம். தலைக்கு நல்ல தொப்பியும் காலுக்கு நல்ல பூட்ஸும் இருந்தால் மண்சுவர் என்றைக்கும் நிற்கும் என்பது அவ்வூர்ப் பழமொழி. தொப்பி என்பது வைக்கோல் கூரை, பூட்ஸ் என்பது கல் அடித்தளம். ஸர் வால்ட்டர் ராலே பிறந்த ஹேய்ஸ் பார்ட்டன் என்ற வீடு இவ்விதமாகக் கட்டியதே. இக்கூரைகளுக்குப் பொதுவாகத் தண்ணீர்க் குழாய் கிடையாது. சுவரை விட்டு நெடுந்தூரம் நீண்ட இறவாரத்திலிருந்து மழைநீர் தானே சொட்டி விழும். வெளிப்புறத்து ஓரங்குலம் நனையும், அதற்குள்ளே உலர்ந்தே இருக்கும். மழை நாளில் மாடி ஜன்னலருகே உட்கார்ந்தால், ஓட்டு வீட்டில் கேட்கும் இரைச்சல் ஒன்றும் கேட்பதில்லை. இறவாரத்துச் சொட்டு மட்டுமே கேட்கும்.

இந்த அழகு செல்வர்களின் கண்ணுக்குப் பட்ட காலமும் ஒன்று உண்டு. பிரிஸ்டல் நகருக்கு அருகில், 1811-ஆம் ஆண்டை ஒட்டி, ஜான் ஹார்ஃபர்ட் என்ற குவேக்கர் சமயத்து பாங்கர், தம் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்த முதியோர் தங்குவதற்காக ஒன்பது குடில்களைக் கட்டுவித்தார். அவற்றை அமைத்தவர் ஜான் நாஷ். லண்டனில் ரீஜன்ட் வீதியை வகுத்து, பக்கிங்ஹாம் அரண்மனையை விரித்துக் கட்டிய அதே சிற்பி. பிளேஸ் ஹாம்லெட் என்ற அந்தச் சிற்றூரில் ஒரு குடிலைப் போல் இன்னொரு குடில் இல்லை. ஒன்றுக்கு வைக்கோல், ஒன்றுக்குக் கல் ஓடு. எல்லாவற்றுக்கும் மேலே உயர்ந்து நிற்கும் செங்கல் புகைபோக்கிகள். நடுவே பசும்புல் தரை. அரண்மனை கட்டுகிறவன் முதிர்ந்த வேலைக்காரனின் வீட்டுக்கும் அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டான் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. இப்பொழுது அவை நேஷனல் டிரஸ்டின் பாதுகாப்பில் இருக்கின்றன.

இனி, கூரைக்குப் பகை எது என்பதைச் சொல்ல வேண்டும். கணப்பின் ஒரு பகுதி இந்த வாரமே வந்துவிடுவது அதனால்தான். வைக்கோல் கூரையையும் இரும்பு விறகடுப்பையும் ஒரே வீட்டின் இரண்டு ஆபரணங்களாக விளம்பரத்தில் சேர்த்துப் போடுகிறார்கள். திறந்த கணப்பில் அறைக்காற்று ஏராளமாகப் புகையோடு கலந்து மேலே போவதால் புகை குளிர்ந்துவிடும். மூடிய அடுப்பிலோ புகைபோக்கிக்குள் வெப்பம் மிகும், எரியும் துகள்கள் முகட்டுக்கு மேல் பறக்கும். அதிலும் அடுப்பைப் பற்றவைக்கும் வேளையில் காகிதத்தையும் அட்டையையும் திணித்து எரித்தால் அபாயம் அதிகம். படலத்தின் மேல் படலமாகக் கூரை உயர்ந்துகொண்டே போக, கட்டிய நாளில் நெடிதாக இருந்த புகைபோக்கி முகட்டுக்கு மேல் குறுகிப்போவதும் உண்டு, 1.8 மீட்டராவது மேலே நிற்க வேண்டும் என்பது நிபுணர்களின் கணக்கு. 2021-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் செய்திருக்கிறார்கள். அது காற்றின் சுத்தத்துக்காகச் செய்த சட்டமானாலும், ஈரவிறகால் புகைபோக்கியில் படியும் தாரைக் குறைத்துக் கூரைக்கும் நன்மை செய்கிறது.

ஆகவே வீட்டுக்காரருக்கு எழுதும்போது கட்டில் எத்தனை என்று கேட்பதற்கு முன், கூரை எந்தப் பொருளால் வேய்ந்தது, முகடு கடைசியாக எப்பொழுது புதுப்பிக்கப்பட்டது, புகைபோக்கியைப் பெருக்கி எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். நீங்கள் தங்கும் வாரத்தில் வேய்வோர் சாரம் கட்டப் போகிறார்களா என்பதையும் விசாரித்துக்கொள்வது நலம். கட்டினால் ஜன்னலின் வெளிச்சம் போய்விடும், ஆனால் வேய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு கிட்டும். எனக்கானால் அந்த வாரத்தையே கேட்டு வாங்கிக்கொள்வேன். இக்கேள்விகளுக்கு ஒரு பக்கம் பதில் எழுதுகிற வீட்டுக்காரர் கிடைத்தால், அங்கே ஜன்னல் திரை எந்த நிறமாயிருந்தாலும் தயங்காமல் முன்பணம் அனுப்பலாம்.

சமையலறை அடுத்த வாரம். கலங்கரை விளக்கங்களுக்குத் தானியங்கிக் கருவி கண்டுபிடித்து 1912-இல் நோபல் பரிசு பெற்று, அதே ஆண்டில் ஒரு வெடிவிபத்தில் கண்பார்வை இழந்த குஸ்தாவ் டாலென் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி, பத்து ஆண்டு கழித்து அமைத்த ஆகா அடுப்பு எவ்விதம் ஆங்கிலக் குடியானவன் வீட்டின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதிலிருந்து தொடங்குவேன்.