பஸ் நிற்கும் இடங்கள்

தென்னிலங்கையிலிருந்து வடக்கே வரும் சுற்றுலா பஸ் ஏ-9 வீதியில் தவறாமல் நிற்கும் இடம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி. சாரதி தேங்காய் உடைப்பார், பயணிகள் கச்சான் வாங்குவார்கள். சிங்களவர், தமிழர் என்ற பேதம் பிள்ளையாருக்கும் இல்லை, கச்சான் விற்கிற அக்காமாருக்கும் இல்லை. போருக்கு முன்பே இருந்த வழக்கம் இது. அதற்கு அங்காலே வரும் தரிப்புகளை யாரோ தெரிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

கிளிநொச்சியில் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி. பிறகு எறிகணை துளைத்த கொங்கிறீட் கட்டியும் அதன் உச்சியில் ஒரு தாமரையுமாகக் கட்டிய வெற்றிச் சின்னம். ஆனையிறவில் 1991 இல் புலிகளின் கவச வாகனத்தில் ஏறிக் குண்டை வெடிக்க வைத்து உயிர்விட்ட சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவிடம், பக்கத்திலேயே அந்த வாகனம். பெரும்பாலான பஸ்கள் இவற்றோடு யாழ்ப்பாணத்துக்கு விரைந்துவிடும். போர் முடிந்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி, ஏ-35 வீதியில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு கடந்து புதுக்குடியிருப்புக்கு வருவார்கள்.

வரும் வழியில் சுதந்திரபுரத்தில் பஸ் நிற்பதில்லை. 2009 ஜனவரி 21 அன்று அரசாங்கம் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த நிலம் இந்த வீதியோரம்தான். அறிவிப்பை நம்பிச் சனம் தறப்பாளும் மூட்டையுமாக வந்து குவிந்தது. எறிகணைகளும் அங்கேயே வந்து விழுந்தன. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையும் தரிப்பிடம் இல்லை. ஜனவரிக் கடைசியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் அது திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. பெப்ரவரி 4 ஆம் திகதி, நாட்டின் சுதந்திர தினத்தன்று, நோயாளர்களைத் தூக்கிக்கொண்டு புதுமாத்தளனுக்கு ஓடினார்கள். இன்று அந்த வைத்தியசாலை வழக்கம்போல் இயங்குகிறது. அங்கே நடந்ததைச் சொல்ல அறிவிப்புப் பலகை வைத்த சுற்றுலா ஏற்பாடு எதுவும் இல்லை.

பஸ் நிற்கும் இடங்களில் காட்டுவதற்குக் குறைவில்லை. நீரின் நடுவே ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கொடியுமாகப் படைவீரன் சிலை. கடற்புலிகளின் படகுகளும் உள்ளூரிலேயே செய்த நீர்மூழ்கிக் கலங்களும் வரிசையாக நின்ற படையினரின் காட்சியகம். முள்ளிவாய்க்கால் கரையில் பலகாலம் துருப்பிடித்துக் கிடந்த ஃபாரா-3 என்ற ஜோர்தானியக் கப்பலுக்கும் தனிக் கூட்டம் இருந்தது. 2006 டிசெம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி ஏற்றிப் போகையில் இயந்திரம் பழுதாகி இந்தப் பக்கம் ஒதுங்கிய கப்பல் அது. பிறகு, 2009 இல் போரின் கடைசி மாதங்களில், அதே கரையில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிக்குச் சனம் வரிசையில் நின்றது.

எல்லாவற்றையும் விடப் பெயர் பெற்றிருந்தது புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு. பல அடுக்குப் பங்கருக்குள் இறங்கிப் பார்க்கத் தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 2013 ஒக்டோபர் தொடக்கத்தில் இராணுவமே அதை வெடி வைத்துத் தகர்த்தது. இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான், செப்டெம்பர் 21 அன்று, வடமாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30 ஐ வென்றிருந்தது. தெற்கிலிருந்து வருபவர் பார்த்தால் அந்த வீடு போர் வெற்றியின் சாட்சி. வன்னிக்காரர் பார்த்தால் வேறொன்றாகிவிடுமோ என்ற பயம் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இடங்களைக் காட்டியவர்கள் பெரும்பாலும் சீருடை அணிந்த பொடியன்கள். விளக்கம் சிங்களத்தில், பலகைகளும் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அந்தப் பொடியன்களை நான் குறை சொல்லமாட்டேன். அநுராதபுரத்துக்கோ மொனராகலைக்கோ பக்கத்தில் ஏதோ ஒரு வயற்கிராமத்துப் பிள்ளைகள். தமக்குச் சொல்லித்தந்ததை மரியாதையாகச் சொல்வார்கள். ஆனால் ஊர்க்காரர் ஒருவர்கூடப் பேசாமல் ஓர் ஊரைச் சுற்றிக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

நந்திக்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 இல் அதன் கரையில் இராணுவம் ‘லகூன்ஸ் எட்ஜ்’ என்ற விடுதியைத் திறந்தது. குளிரூட்டிய அறையிலிருந்து கடலேரியைப் பார்க்கலாம். அதே ஆண்டு செப்டெம்பரில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை மூடியபோது, கடைசியாக வெளியேறியவர்களில் இதே கடலேரிப் பக்கத்துக் கேப்பாப்புலவுச் சனமும் இருந்தது. சொந்தக் காணியில் படைமுகாம் இருந்ததால், அவர்களைச் சீனியாமோட்டைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 இல் விமானப்படை முகாம் வாசலில் குந்தி, மார்ச் 1 அன்று தங்கள் காணிக்குள் கால் வைத்தார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் தெருவிலேயே சமைத்துத் தெருவிலேயே உறங்கிய போராட்டம் அது. வன்னியில் ஒரு தரிப்பிடத்தைச் சேர்க்கச் சொன்னால், நான் அந்த வாசலைத்தான் சொல்வேன்.

அந்த வழியே இன்னும் போனால் வற்றாப்பளை. மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து இலங்கைக்கு வந்து பல இடங்களில் தங்கினாள், பத்தாவதாகத் தங்கியது இங்கே என்பது ஊர் நம்பிக்கை. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களுக்கு அவள் கிழவியாகத் தோன்றினாள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றவர்களைக் கடல்நீர் விட்டு ஏற்றச் சொன்னாள். தலை கடிக்கிறது, பாருங்கள் என்றாள். பார்த்த சிறுவனுக்குத் தலை முழுக்கக் கண்கள் தெரிந்தனவாம். வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடல்நீர் எடுத்து வந்துதான் விளக்கேற்றுகிறார்கள். அன்றைக்கு முல்லைத்தீவு மாவட்டமே அங்கே நிற்கும். காவடியும் பாற்செம்புமாக வீதி நிறைந்துவிடும். போரில் இறந்தவர்களை முள்ளிவாய்க்காலில் கஞ்சியோடு நினைவுகூரும் மே 18 உம் அந்த வைகாசியிலேயே வருகிறது. ஒரே கடலேரியின் ஒரு கரையில் கஞ்சி, மறு கரையில் பொங்கல். இது எந்தப் பயண நிகழ்ச்சிநிரலிலும் இல்லை.

வெற்றிச் சின்னங்களின் ஆயுளைப் பற்றி இந்த மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு. 1803 இல் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிப் பிடித்தவன் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிரிபேர்க் அவனை இங்கே தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் பொறித்து வெள்ளையர் ஒரு கல் நட்டார்கள். டிரிபேர்க்கின் புகழுக்காக நட்ட கல் அது. இன்று வன்னியில் டிரிபேர்க்கை யாருக்குத் தெரியும்? அங்கே மாலை விழுவது பண்டாரவன்னியனுக்கு. கல்லை நட்டவன் வென்றான், கதையைச் சொன்னவர்கள் ஊரார்.

பஸ் வரக்கூடாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வரட்டும், தேத்தண்ணிக் கடைக்கும் கச்சான்காரிக்கும் வியாபாரம் நடக்கட்டும். தெற்கத்தையரை மட்டும் சொல்லவும் கூடாது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் எங்கட ஆக்களும் வான் பிடித்து வந்து, வட்டுவாகல் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பொழுதுபட முன் யாழ்ப்பாணம் திரும்பிவிடுகிறார்கள். 2009 மே மாதத்தில் அந்த ஒடுக்கமான பாலத்தைக் கடந்து படையினரிடம் சரணடைந்த பிள்ளையைத் தேடும் தாய்மார் 2017 மார்ச் 8 முதல் முல்லைத்தீவில் போராட்டம் நடத்துகிறார்கள். பாலத்திலிருந்து முல்லைத்தீவு நகரம் சில நிமிடத் தூரம்தான்.

பிரதேச சபைகளுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் செய்யக்கூடிய வேலை பெரியதல்ல. காட்சிப் பொருள் எதுவானாலும் தமிழிலும் பலகை வையுங்கள்; ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுங்கள். போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதுக்குடியிருப்புச் சந்தியில் இறங்கி உள்ளூர் ஆட்டோ ஒன்றைப் பிடியுங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதை அதை ஓட்டுபவரிடம் விட்டுவிடுங்கள்.