வாஷிப் பாலத்தடியில் ஒரு தாவரவியல் பாடம்

மும்பையில் மான்குர்த் தாண்டி ரயில் வாஷிப் பாலத்தில் ஏறும்போது, கரையோரம் அடர்ந்து நிற்கும் அலையாத்திக் காட்டைச் செம்பூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். தாராவியை ஒட்டிய மாஹிம் கழிமுகத்திலும் இது உண்டு. உல்லாஸ்நகர் பக்கமாக ஓடிவரும் உல்லாஸ் ஆறு கடலைத் தொடும் வசாய்க் கழியிலும் உண்டு. இங்கே மிகுதியாக இருப்பது வெண்கண்டல். மராத்தியில் திவர் என்பார்கள்.

துவரையை உடைத்தால் இரண்டு பருப்பாகப் பிரிகிறதே, அவைதான் வித்திலைகள். இப்படி இரண்டு வித்திலை கொண்டவை இருவித்திலைத் தாவரங்கள்; வெண்கண்டலும் அவற்றில் ஒன்று. நெல்லுக்கும் தென்னைக்கும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை வைத்துத் தாவரங்களைப் பிரித்தவர் ஜான் ரே. 1682இல் வெளிவந்த நூலில் அதைச் செய்தார். ஆணிவேர், இலையில் வலைப்பின்னல் நரம்பு, நான்கு அல்லது ஐந்தாக அமையும் பூவிதழ், தண்டைப் பருக்கவைக்கும் கேம்பியம் என்று இருவித்திலைத் தாவரங்களின் மற்ற அடையாளங்களையும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம்.

வெண்கண்டல் அந்தப் பாடத்துக்குப் பாதிதான் அடங்குகிறது. சின்ன மஞ்சள் பூவில் நான்கு இதழ், சரி. இலை நரம்பும் சரி. காயைப் பிளந்தால் தடித்த இரண்டு வித்திலைகள் மடிந்து கிடக்கும். மரத்தில் இருக்கும்போதே கரு முளைவிடத் தொடங்கியிருக்கும். நீரில் விழுந்து தோல் கழன்றதும் சேற்றைப் பற்றிக்கொள்ள அது தயார். அலை அடித்துப் போகும் இடத்தில் சாவகாசமாக முளைக்க முடியாதே!

வேரில்தான் மரம் விதியை மீறுகிறது. காற்றில்லாத சேற்றுக்குள் ஆணிவேரை ஆழமாக இறக்கிப் பயனில்லை. வேர்கள் பக்கவாட்டில் ஓடி, பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை மேலே நீட்டுகின்றன. தண்டிலும் கேம்பியம் அடுக்கடுக்காகப் புதிதாய்த் தோன்றுவதால், வளையத்தை எண்ணி வயது சொல்ல முடியாது. மிஞ்சும் உப்பை இலை வெளியே தள்ளிவிடும்.

இந்த வேர்க்கூட்டம் வண்டலைப் பிடித்து வைக்கிறது. உதிர்ந்த இலையை நண்டு தின்கிறது. இறால், மீன் குஞ்சுகள் இங்கே வளர்கின்றன. கோலி மீனவர்களின் வலை இதை நம்பியிருக்கிறது. பூத்தால் தேனீக்களுக்குக் கொண்டாட்டம். வாஷிப் பாலத்தடியில் கிடக்கும், பூநாரைகள் வரும் தாணே கழி 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அலையாத்தியை வெட்டுவதை பம்பாய் உயர் நீதிமன்றம் 2005இல் தடுத்தது. ஆனால் அலையோடு வரும் பிளாஸ்டிக் பையும் எண்ணெய்ப் படலமும் மூச்சுவேர்களின் துளைகளை அடைத்துவிடுகின்றன. வெட்டாமலேயே மரம் பட்டுப்போக அது போதும்.