ஒரு சோறு போதுமா?

தேர்தல் காலம் வந்துவிட்டால், "இந்தக் கட்சிக்கு 42 சதவிகிதம், அந்தக் கட்சிக்கு 41 சதவிகிதம்" என்று கருத்துக் கணிப்புகள் வெளிவருவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் சாத்தான்குளத்தில் வசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவை யாரும் கேட்கவில்லை. அடுத்த வீட்டு மாமாவையும் கேட்கவில்லை. பின் எப்படிச் சொல்கிறார்கள் என்று வியப்பாக இருக்கிறதல்லவா?

இந்த வித்தை சாத்தான்குளத்துக்குக் கிழக்கே இருக்கும் கடற்கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பை நடத்தலாமா வேண்டாமா என்று அரசு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடலடியில் உள்ள முத்துப்பார்களில் லட்சக்கணக்கான சிப்பிகள் கிடக்கும். எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட முடியுமா? திறந்தால் சிப்பி செத்துவிடும்! ஆகவே சில ஆயிரம் சிப்பிகளை மட்டும் எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, "ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்" என்று கணக்கிட்டார்கள். 1955 முதல் 1961 வரை நடந்தவையே அங்கு நடந்த கடைசி முத்துக்குளிப்புகள். அன்று சிப்பிக்குச் செய்ததைத்தான் இன்று வாக்காளருக்குச் செய்கிறார்கள். எடுத்துப் பார்க்கும் அந்தச் சிறு பகுதிக்கு 'மாதிரி' என்று பெயர்.

எவ்வளவு பெரிய மாதிரி வேண்டும்? இங்கேதான் வேடிக்கை. ஆயிரம் பேரைச் சரியானபடி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால், விடை ஏறத்தாழ 3 சதவிகிதம் கூடவோ குறையவோ இருக்கலாம். நூறு தடவை கணித்தால் 95 தடவை இந்த வரம்புக்குள் அடங்கும். ஒரு சட்டமன்றத் தொகுதியானாலும் சரி, இந்தியா முழுவதுமானாலும் சரி, இந்த ஆயிரம் ஆயிரம்தான்! வீட்டுப் பானையானாலும் கல்யாண வீட்டு அண்டாவானாலும் பதம் பார்க்க எடுக்கும் சோறு ஒரே அளவுதானே. ஆனால் பிழையைப் பாதியாக்க ஆள் இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும். 4,000 பேரைக் கேட்டால்தான் பிழை ஒன்றரைச் சதவிகிதமாகக் குறையும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பையில் 1,000 புளியங்கொட்டைகளைப் போடுங்கள். அவற்றில் 510 கொட்டைகளைத் தாய விளையாட்டுக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்து வெள்ளையாக்குங்கள். (கை வலிக்கும் என்பவர்கள் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.) ஆக, உங்கள் பையில் 'வெள்ளைக் கட்சி'தான் வெற்றி பெற்ற கட்சி. இப்போது நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு 100 கொட்டைகள் எடுத்து எண்ணுங்கள். எண்ணியபின் திரும்பப் போட்டு மறுபடி குலுக்குங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்தால், மூன்று நான்கு தடவையாவது 'கறுப்புக் கட்சி' முந்தியிருக்கக் காண்பீர்கள். நீங்கள் ஏதும் தவறு செய்யவில்லை. போட்டி அவ்வளவு நெருக்கம்!

இதைவிட நெருக்கமான போட்டி ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. சாத்தான்குளத்திலிருந்து திசையன்விளைக்குப் பேருந்தில் போனால் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதிக்குள் வந்துவிடுவீர்கள். 2016 தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590 வாக்குகளும், தி.மு.க.வின் அப்பாவு 69,541 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் வெறும் 49. தபால் வாக்குகள் பற்றி எழுந்த வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எண்ணியபிறகே இவ்வளவு வழக்கு என்றால், எண்ணுவதற்கு முன் ஒருவர் என்ன சொல்லிவிட முடியும்? மேலே சொன்ன கணக்குப்படி, இந்த வித்தியாசத்தைக் கருத்துக் கணிப்பால் கண்டறிய ஏறத்தாழ மூன்று கோடிப் பேரைக் கேட்டாக வேண்டும். தொகுதியில் வாக்களித்தவர்களோ இரண்டு லட்சம்கூட இல்லை!

ஆள் கூடக்கூடப் பிழை குறையும் என்றோம். குறையாத பிழை ஒன்றும் உண்டு. என் கருத்தில் அதுவே பொல்லாதது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கப்போகும் தம் வேட்பாளரைக் கட்சிகள் மாநிலம் மாநிலமாக முதனிலைத் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கின்றன. 2008 ஜனவரி 8ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக்கு அத்தகைய தேர்தல் நடந்தது. அதற்கு ஐந்து நாள் முன்பு அயோவா மாநிலத்தில் வென்றிருந்த பராக் ஒபாமா, இங்கும் சராசரியாக எட்டுப் புள்ளிகள் முந்துவார் என்று கணிப்புகள் கூறின. ஆனால் ஹிலாரி கிளிண்டன் ஏறத்தாழ 39 சதவிகிதம் பெற்று வென்றார். ஒபாமாவுக்கு 36 சதவிகிதம் சொச்சம்.

தற்செயலான பிழை என்றால் சில கணிப்புகள் இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் சாய்ந்திருக்க வேண்டும். இங்கோ ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தன. பின்னர் கருத்துக் கணிப்பாளர் சங்கம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள். கணிப்பாளருக்கு எளிதில் அகப்படாதவர்களிடையே கிளிண்டனுக்கு ஆதரவு அதிகம் இருந்திருக்கலாம். வாக்குச்சீட்டில் அவர் பெயர் மேலே இருந்ததும் ஒரு காரணமாகக் கருதப்பட்டது.

அகப்படாதவர்கள் யார் என்பது நம் ஊரை நினைத்தால் புரியும். காலை 11 மணிக்குச் சாத்தான்குளம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு 500 பேரைக் கேளுங்கள். மணப்பாட்டிலிருந்து கடலுக்குப் போனவர் அங்கே இருப்பாரா? பனையேறி அலுத்துப்போய் வீட்டில் படுத்திருப்பவர் வருவாரா? 500 பேருக்குப் பதில் 5,000 பேரைக் கேட்டாலும் அவர்கள் வரப்போவதில்லை.

மறுபடி புளியங்கொட்டைப் பையை எடுங்கள். இந்தத் தடவை கறுப்பையெல்லாம் அடியில் போட்டு, மேலே வெள்ளையைப் பரப்பி, குலுக்காமல் மேலாக 100 எடுங்கள். பிறகு 200 எடுங்கள், 400 எடுங்கள். ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் கட்சிக்கு எத்தனை சதவிகிதம் என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.