புறத்தே பழைய டர்போ, அகத்தே புதிய சக்கரம்

மோட்டார் மீது மோகம் கொண்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் ‘டர்போ’ என்னும் சொல் அடிக்கடி காதில் விழுகின்றது. நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் டீசல் கார்கள் பலவற்றிலும் அக்கருவி உண்டு. பந்தயத்துக்கென அதனைத் தேர்ந்தெடுப்பதில் எத்துணை நுட்பம் இருக்கின்றது என்பதற்கு அமெரிக்கக் கார் ஒன்றைச் சான்றாகக் கொள்வோம்.

பூயிக் கம்பெனியார் 1987-ஆம் ஆண்டு விற்ற ‘கிராண்ட் நேஷனல்’ கார் கன்னங்கரேல் என்றிருக்கும். எட்டு சிலிண்டர் இருந்தால்தான் வேகம் என்று அந்நாட்டார் பலர் எண்ணியிருந்த காலத்தில், 3.8 லிட்டர் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினே இதில் 245 குதிரைச் சக்தியை அளித்தது. டர்போவே காரணம். எஞ்சின் கழிக்கும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. அரிசி களைந்த நீரை வாழைக்கு விடும் நம் இல்லத்தரசியருக்கு இந்தச் சிக்கனம் புதிதன்று.

இக்காரை உடையோர் பலர் டிராக் பந்தயத்தில் ஈடுபடுகின்றனர். இரு கார்கள் அருகருகே நின்று, விளக்குச் சைகை கிடைத்ததும் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்ப்பாதையில் விரையவேண்டும். சில பிரிவுகளில், டர்போ ஆலையிலிருந்து வந்த தோற்றத்திலேயே இருத்தல் விதி. ஆகவே புறக்கூட்டை அப்படியே வைத்து, உட்புறத்தைக் கடைந்து, பெரிய சக்கரம் பொருத்துகின்றனர். விதி தோற்றத்தை மட்டுமே கேட்பதால் இதைக் கள்ளத்தனம் என்று சொல்வதற்கில்லை.

எவ்வளவு பெரிய சக்கரம்? இளைஞர் ஏமாறும் இடம் இதுவே. பெரிய சக்கரம் மிகுந்த காற்றைத் தரும் என்பது உண்மை. ஆனால் அது சுழன்று எழுவதற்கு நேரம் பிடிக்கும். பந்தயமோ சில நொடிகளில் முடிந்துவிடும். தொடக்கத்தில் இழந்த நொடியை இறுதியில் மீட்பது அரிது. அன்றாடம் கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் செல்லவேண்டிய காராயின் இந்தச் சோம்பல் நாள்தோறும் உறுத்தும். பூயிக் கம்பெனியாரே 1987-இல் 547 கார்கள் மட்டும் செய்த ‘ஜி.என்.எக்ஸ்.’ வகையில், விரைந்து சுழலும்பொருட்டு எடை குறைந்த பீங்கான் வகைச் சக்கரத்தை வைத்தனர். அவர்கள் அறிந்தே செய்தது அது. ஆகவே நடுத்தர அளவே தெருக்காருக்கு உகந்தது என்பது என் துணிபு.

காற்று மிகுந்தால் பெட்ரோலும் அதற்கேற்ப மிகவேண்டும். பெரிய டர்போவை வாங்கிவிட்டுப் பழைய இன்ஜெக்டரையும் மட்டமான பெட்ரோலையும் நம்பினால், கலவை தகாத நேரத்தில் வெடித்துப் பிஸ்டனே உடையக்கூடும். டர்போவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென முன்னரே ஒதுக்கிவிடுவது நலம்.

பழைய டர்போவை விலைக்கு வாங்குவோர் அதன் தண்டை விரலால் பற்றி மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்வதாகையால் பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. இதழ்கள் கூட்டின் சுவரில் உராய்ந்தாலோ, அங்கே கீறல் தென்பட்டாலோ, விலை எவ்வளவு மலிவாயினும் வாங்குதல் கூடாது.